ஒன்பதரை மணிச் சவாரி

அக்காவைக் குதிரைமேல் ஏற்றப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். வீல்சேரைச் சாய்வான மரப்பாதையில் தள்ளிக்கொண்டுபோய் மேலே மேடையில் நிறுத்த வேண்டும். பிறகு அவள் தொடைக்கு அடியில் கெட்டித்துணிப் பட்டையைச் செருகி, அதன் வளையங்களை மேலே தொங்கும் கொக்கிகளில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகிக்கொண்டே தூக்கும். குதிரையை மேடையை ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். அந்தரத்தில் தொங்கும் அக்காவின் வலது காலை ஒருவர் பிடித்துக் குதிரையின் கழுத்துக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விட வேண்டும். அந்தக் கால் சும்மா வராது. அவளுடைய இரண்டு கால்களும் பிறந்ததிலிருந்தே கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்பவை. உடம்பு முழுக்கவே அப்படி, அது நினைத்ததைச் செய்யும், அக்கா நினைத்ததைச் செய்யாது.

ஆனால் சேணத்தில் உட்கார்ந்து நாலு சுற்று போய்விட்டால் இடுப்பு இளகும், கால்கள் தாமாகப் பிரியும். குதிரை நடக்கிற நடை உள்ளே போய் முடிச்சை அவிழ்க்கிறது என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லித்தான் இரண்டு வருஷமாக வருகிறார்கள். புதன்கிழமை ஒன்பதரை மணி அவளுடைய முறை. ஏறினபின் நாற்பது நிமிஷம் சவாரி. இறங்க எட்டு நிமிஷம்.

ஊருக்கு வெளியே, பஸ் பணிமனையைத் தாண்டி இருந்தது அந்த லாயம். நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளைகள் என்று வருகிறவர்களுக்காகவே நடத்தினார்கள். மொத்தம் ஒன்பது குதிரைகள். கோடையில் பள்ளிக்கூடம் மூடியதும் கூட்டம் இரண்டு மடங்காகிவிடும். பதினொன்றரைக்கு மேல் மணல் கொதிக்கும், குதிரைகளைக் கூரைக்குள் கட்டிவிடுவார்கள். அதனால் எல்லாருடைய சவாரியும் காலைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுத்தாள். ஒற்றை விரலால் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி, ஒரு நாளைக்கு முப்பது பக்கம். பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வாய் கோணி, தாடை பூட்டி, மறுபடி திறக்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சத்தமாகவும் குழந்தைக்குச் சொல்வது போலவும் அவளிடம் பேசுவார்கள். "எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

தங்கைக்கு நாற்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள், மீதிப்பேருக்கு அலுத்துவிட்டது. அம்மா போனதிலிருந்து பத்தொன்பது வருஷமாக அக்காவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, கழிப்பறைக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, எட்டரைக்கு வருகிற வேலைக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். சாயங்காலம் வந்ததும் அதே காரியங்கள் தலைகீழ் வரிசையில். படுக்கையும் ஒரே அறையில்தான், ராத்திரி இரண்டு தடவை அக்காவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதால். புதன்கிழமை கடைக்கு மதியத்துக்கு மேல் போனால் போதும் என்று முதலாளியிடம் சொல்லி வாங்கியிருந்தாள்.

அக்கா குதிரைமேல் ஏறினதும் தங்கை வைக்கோல் கொட்டகைக்குப் பக்கத்தில், மர நிழலில் நிறுத்தியிருக்கும் வேனுக்குப் போவாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி முன்பலகையில் வைப்பாள். போனை அணைத்துவிடுவாள். படிக்க மாட்டாள், பாட்டுக் கேட்க மாட்டாள். சில வாரம் தூங்குவாள். சில வாரம் சும்மா கூரையைப் பார்ப்பாள். வாரத்தில் யாரும் அவளைக் கூப்பிடாத நேரம் அந்த நாற்பது நிமிஷம்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா சவாரி செய்யும்போது அவள் பார்த்ததும் இல்லை, முதல் வாரத்தைத் தவிர.

அக்காவுக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பார், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் அவள் தொடையில் கையை அழுத்திக்கொண்டு கூடவே நடப்பார்கள். கயிறு பிடிப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், லாயத்தில் எல்லாருக்கும் அவர் 'டிரைவர்'தான். குதிரையோடு நடக்கும்போதுகூட வளைவு வந்தால் தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பார். அக்காவின் குதிரை பெரிய பழுப்பு நிறக் குதிரை. போகிற வழியில் ஒவ்வொரு கம்பத்தருகிலும் நின்றுவிட்டுப் போகும் என்பதால் அதற்குத் தபால்காரன் என்று பெயர். பக்கத்தில் நடப்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், சம்பளமில்லாமல் வருகிறவர்கள்.

அந்தக் கோடையில் இரண்டாவது வாரமே ஆள் குறைந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், போகாத இரண்டு பேரில் ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது. லாயத்தை நடத்துகிற டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவு செய்தார். அடுத்த வாரத்திலிருந்து, சவாரிக்கு வருகிறவரோடு கூட வருகிறவர் யாரோ அவர் ஒரு பக்கம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேருக்குச் சவாரி இல்லை. அவர் கேட்ட அப்பா அம்மாக்கள் எல்லாரும் உடனே சரி என்றார்கள். சிலருக்குச் சந்தோஷம்கூட.

தங்கையிடம் அவர் கேட்டபோது அக்காவைக் குதிரையிலிருந்து இறக்கி வீல்சேரில் உட்காரவைத்து வாரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறடி தூரம்.

தங்கை முடியாது என்றாள்.

உடம்புக்கு ஏதாவதா என்று டீச்சர் கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். குதிரை என்றால் பயமா என்று கேட்டார். பயமில்லை. அப்படியானால் நேரம் ஒத்துவரவில்லையா, வேலையா? அதுவும் இல்லை.

"முடியாது டீச்சர். அவ்வளவுதான்."

டீச்சர் நல்லவர், அதிலும் அவசரமான நல்லவர். நல்லது என்று அவருக்குப் பட்டதை இன்னொருத்தர் மறுத்தால் அதற்கு ஒரு காரணத்தைத் தாமே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நிமிஷம் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் ஆள் கிடைக்கும்வரை அக்காவுக்குச் சவாரி தர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். விசிலை ஊதிக்கொண்டு அடுத்த குதிரையிடம் போய்விட்டார்.

காரணத்தைத் தங்கை சொல்லியிருக்கலாம். அக்கா ஆறடி தூரத்தில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

வீடு போகும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. பேச்சு மெதுவே ஒழிய அவள் பேசாமல் இருப்பவள் இல்லை. வழியில் கடைப் பலகைகளில் இருக்கும் எழுத்துப்பிழைகளை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வருவாள். அன்றைக்கு ஒரு பலகையைப் பற்றியும் சொல்லவில்லை. தங்கைக்கு அது கோபமாகத் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை, சவாரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போகலாம் என்றாள் அக்கா. குதிரையைத் தேய்த்துவிடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தபால்காரனைக் கூரைக்குக் கீழே கட்டி, அக்காவின் கையில் பிரஷ்ஷை வாரால் கட்டிவிட்டார்கள். கை எட்டுகிற இடம் குதிரையின் முன்னங்காலுக்கு மேலே ஒரு சாண் அகலம். அந்த ஒரு சாணை அக்கா நாற்பது நிமிஷம் தேய்த்தாள். கை விறைத்து நின்றுவிடும்போதெல்லாம் தங்கை அதைப் பிடித்து இளக்கி மறுபடி குதிரைமேல் வைத்தாள். ஈக்களை ஓட்டினாள். வேன் மர நிழலில் காலியாக நின்றது.

பத்தரை மணி முறைக்கு வரும் பேக்கரிக்காரர் தன் மகளுடன் அந்தப் பக்கமாக வந்தார். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டுவிட்டு, காலையில் தூங்காமல் மகளைக் கூட்டிவருகிறவர். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். மகளுக்குப் பன்னிரண்டு வயது, குட்டி என்று கூப்பிடுவார். அவள் பேசுவது அபூர்வம், எந்நேரமும் ஒரே ராகத்தை மூக்கால் முனகிக்கொண்டிருப்பாள். யாராவது தொட்டால் மட்டும் கத்துவாள். பேக்கரிக்காரர் அன்றைக்கு மகள் பக்கத்தில் நடக்க வந்திருந்தார். டிரைவரிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது தங்கையின் காதில் தெளிவாகவே விழுந்தது. "கூடப் பொறந்தவங்க. நாலு சுத்து நடந்தா தேஞ்சா போயிடுவாங்க?"

தங்கை ஈயை ஓட்டினாள்.

மூன்றாவது வாரம் தங்கை ஒத்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் சொன்னதற்காக இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வாரம் சவாரி இல்லாமல் அக்காவின் இடுப்பு பழையபடி இறுகிவிட்டது. காலையில் கால்களைப் பிரித்து உடுத்த அரைமணி ஆனது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். திங்கட்கிழமை காலை உடை கிழிந்தது. அன்றே தங்கை டீச்சருக்குப் போன் செய்து, நடக்கிறேன் என்றாள். டீச்சர் நன்றி சொன்னார். மனசு மாறியது பற்றி ஒன்றும் கேட்காமல் இருக்கிற பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

புதன்கிழமை தங்கை இடது பக்கம் நின்றாள். வலது பக்கம் டீச்சரே வந்தார். டிரைவர் கயிறு. வழக்கமான நீள்வட்ட மணல்தரைதான், வெள்ளையடித்த வேலி, திருப்பத்துக்கு ஒரு கம்பம். தங்கை அக்காவின் தொடையில் கையை வைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்தத் தொடையைத் தூக்கி, துடைத்து, புரட்டுகிற கை. கைக்கு அதன் வேலை தெரியும். சும்மா அழுத்திக்கொண்டு நடந்தால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. இரண்டாவது திருப்பத்தில் மேலேறிக் கிடந்த அக்காவின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டது. அடுத்து ஹெல்மெட் வாரைச் சரிசெய்தது. பாதம் மிதிவளையத்தில் கோணலாக இருந்ததைத் திருப்பி வைத்தது. வாயோரம் வழிந்ததைத் துடைத்தது.

"நேரா உக்காரு," என்றாள் தங்கை. கொஞ்ச நேரம் கழித்து, "முதுகை வளைக்காத," என்றாள்.

அக்காவின் கால்கள் பிரியவில்லை. குதிரையின் விலாவை இரண்டு பக்கமும் கிடுக்கிப்பிடி போட்டதுபோல் இறுக்கிக்கொண்டிருந்தன. தபால்காரனுக்கு அது என்ன உத்தரவு என்று புரியவில்லை. நாலடி நடந்தது, நின்றது, வேகமெடுக்கப் பார்த்தது, டிரைவர் பிடித்ததும் மறுபடி நின்றது. கம்பமே இல்லாத இடத்தில் நின்றது. டீச்சர் அக்காவிடம் மூச்சை விடச் சொன்னார். எப்போதும் நன்றாகத்தானே செய்வீர்கள் என்றார். எப்போதும் நன்றாகச் செய்வாளா என்று தங்கைக்குத் தெரியாது. அவள் அந்த நேரம் வேனில் அல்லவா இருப்பாள்.

அரை வழியில் அக்கா நிறுத்தச் சொன்னாள். டிரைவர் நிறுத்தினார்.

"நான் இங்க வர்றதே," என்று ஆரம்பித்தாள் அக்கா. தாடை பூட்டிக்கொண்டது.

அவள் வாக்கியங்களைத் தங்கை முடித்துவைப்பது வழக்கம். கடையில், வங்கியில், டாக்டரிடம், எல்லா இடத்திலும் அப்படித்தான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"குதிரைக்காகத்தானே வர்ற. அப்ப நேரா உக்காரு," என்றாள்.

"இல்ல," என்றாள் அக்கா.

எல்லாரும் காத்திருந்தார்கள். தபால்காரன் வாலை ஒரு தடவை வீசியது.

"நீ இல்லாம இருக்க."

டீச்சருக்குத்தான் முதலில் சங்கடம் தாங்கவில்லை. தங்கச்சி உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறார் என்பதுபோல் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கம் தலையைத் திருப்பினாள். திருப்பி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"எனக்காகத்தான். காலையில அஞ்சு மணியிலேர்ந்து எனக்காகத்தான்." மறுபடி தாடை. "இங்க மட்டுந்தான் வேற கை. அதையும் எடுத்துட்டீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்களிடம் ஒரு பக்கத்தில் என்ன பிழை என்று சொல்வாளே, அந்த மாதிரி சொன்னாள்.

தங்கை கையை எடுத்தாள். உடனே டீச்சர், "கையை எடுக்காதீங்க," என்றார். சவாரி செய்கிறவர் மேலே இருக்கும்வரை பக்கத்தில் நடப்பவர் கையை எடுக்கக் கூடாது. அதுதான் அங்கே முதல் விதி. தங்கை மறுபடி வைத்தாள். மேடை அந்தக் கோடியில் இருந்தது. அரை வட்டம் நடந்தாக வேண்டும். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். கை அக்காவின் தொடைமேல் இருந்தது, அசையாமல். விரலைக்கூட அசைக்காமல் அவள் வைத்துக்கொண்டு நடந்தது அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வேனில் வரும்போது, பெரிய ரோட்டு சிக்னலில் நின்றபோதுதான் தங்கை வாயைத் திறந்தாள். "எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

"நான் அந்த நாப்பது நிமிஷம் என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா?"

"தூங்குவ."

"யார் சொன்னா?"

"குறட்டை கேக்கும். குதிரை காதைத் திருப்பும்."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவள் வண்டியை எடுக்கவில்லை. "நான் மட்டும் உன் பக்கத்துலயே இருக்கணும்னு வரம் வாங்கிட்டு வந்தேனா? எனக்கு அந்த நாப்பது நிமிஷத்தை விட்டா என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் அக்கா.

அன்றும் மறுநாளும் வீட்டில் வேலைகள் நடந்தன. எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எதுவும் நிற்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கிற வசதி அவர்களுக்குக் கிடையாது. வாயைத் திற, காலை நீட்டு என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

தங்கை கடையில் மூக்குக்கண்ணாடிகளின் காலை வளைத்து வளைத்து வாடிக்கையாளர் காதுக்குப் பொருத்திக்கொண்டிருந்தாள். மனசு மட்டும் மணல் வட்டத்திலேயே நின்றது. தனக்கு அலுப்பு வருவது நியாயம் என்பது அவளுக்குத் தெரியும். அதை மறைத்துவைத்திருப்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. தன்னைக் கண்டும் ஒருத்திக்கு அலுக்கும் என்பதுதான் புதிது. அக்கா எங்கே போய்விட முடியும், அதனால் அவளுக்கு அலுப்பு ஏது என்று, யோசிக்காமலே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவரின் கண்ணாடியை அளவுக்கு மேல் வளைத்து உடைத்துவிட்டாள். முதலாளி பரவாயில்லை என்றார். அவளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

சனிக்கிழமை மதியம் கடையிலிருந்தே டீச்சருக்குப் போன் போட்டாள். நடக்கிறேன், ஆனால் அக்கா பக்கத்தில் இல்லை, வேறு யார் பக்கத்தில் வேண்டுமானாலும் நடக்கிறேன் என்றாள். அந்த நாற்பது நிமிஷம் தனக்கு வேண்டும், அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் இருக்கிறேன் என்றும் சொன்னாள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார் டீச்சர். அப்போது சொல்கிற மாதிரி இல்லை என்றாள் தங்கை. தான் தப்பாக நினைத்துவிட்டதாக டீச்சர் சொன்னார். தங்கை பரவாயில்லை என்றாள். உண்மையில் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை, ஆனாலும் சொன்னாள்.

டீச்சர் செய்த ஏற்பாடு இதுதான். பேக்கரிக்காரர் ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஒன்பதரைக்கு அக்கா பக்கத்தில் நடப்பார், அவர் கண்ணுக்கு எட்டுகிற வேலியோரப் பெஞ்சில் குட்டி உட்கார்ந்திருப்பாள். பத்தரைக்குத் தங்கை குட்டியின் பக்கத்தில் நடப்பாள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரரிடம் பேசினபோது, மகளை விட்டுத் தான் தள்ளி இருந்தால் கத்துவாளே என்று முதலில் தயங்கினாராம். ஒரு தடவை பார்ப்போம் என்றாராம்.

குட்டி கத்தவில்லை. அவளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு உட்காரத் தெரியும். சேணத்தின் ஓரத்தில் இருக்கும் தோல் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தால் போதும். தங்கைக்கு முதல் வாரம் கை பரபரத்தது. குட்டியின் தொப்பிக்கு வெளியே தொங்கிய முடியை உள்ளே தள்ளிவிடப் போய், நடுவழியில் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் பரபரக்கவில்லை. பக்கத்தில் ஒரு உடம்பு இருக்கிறது, அதற்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது நடக்க நடக்க அவளுக்குப் பிடித்துப்போனது. குட்டி முனகிக்கொண்டே வந்தாள். நாலாவது சுற்றில் தங்கையும் அதே ராகத்தை முனகிக்கொண்டு நடந்தாள், டிரைவர் திரும்பிப் பார்க்கும்வரை.

அந்த நேரத்தில் அக்கா வேலியோர நிழலில் வீல்சேரில் இருப்பாள். பக்கத்துப் பெஞ்சில் பேக்கரிக்காரர். மகளைக் கண் கொட்டாமல் பார்ப்பதாகத்தான் உட்காருவார். ஐந்து நிமிஷத்தில் தலை சாய்ந்துவிடும். முதல் வாரம் சாய்ந்து சாய்ந்து அக்காவின் தோளிலேயே வந்து நின்றது. அவளால் நகர முடியாது, தள்ளவும் முடியாது. சவாரி முடிகிற விசில் கேட்டதும் முழங்கையால் அவரை ஒரு இடி இடித்து எழுப்பினாள். அந்த முழங்கை அவள் நினைத்தபடி போவது அபூர்வம், அன்றைக்கு எப்படியோ சரியாகப் போனது. எழுந்ததும் பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரமும் தூங்கினார், மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு ஆளை அரைமணி நேரம் தான் பார்த்துக்கொண்டதாக அக்கா வேனில் பெருமையடித்துக்கொண்டாள்.

வீட்டிலும் ஒன்று மாறியது. மே கடைசியில் ஒரு நாள் அக்கா, குளிக்கவைக்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாள். வேலைக்காரம்மா வாரத்தில் மூன்று நாள் ஆறு மணிக்கே வரத் தயார், நான் கேட்டுவிட்டேன் என்றாள். தன்னிடம் சொல்லாமல் கேட்டதில் தங்கைக்குச் சுருக்கென்றது. அந்தம்மாவுக்கு உன் கால் விஷயம் தெரியாது, தண்ணீர்ச் சூடு தெரியாது என்று காரணங்களை அடுக்கினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தெரியாததை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். முதல் நாள் குளியலறையிலிருந்து அந்தம்மா பதறுகிற சத்தமும் வாளி உருளுகிற சத்தமும் வந்தன. தங்கை கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே போகவில்லை. மூன்றாவது வாரத்தில் அந்த நேரத்துக்குக் கதவுப் பக்கம் நிற்பதை விட்டுவிட்டுப் படுக்கையிலேயே கிடந்தாள்.

ஜூன் இரண்டாவது புதன்கிழமை, அக்காவின் சவாரி பாதியில் இருக்கும்போது அவள் டீச்சரிடம் ஓட்டம் வேண்டும் என்று கேட்டாள். நடையில்லை, ஓட்டம். டீச்சர் யோசித்தார். இடுப்பு அன்றைக்கு நன்றாக இளகியிருந்தது, கால்கள் குதிரையின் இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கின. வலது பக்கம் டீச்சர், இடது பக்கம் பேக்கரிக்காரர், முன்னால் டிரைவர். நீண்ட பக்கத்தில் மட்டும், பத்தே தப்படி என்றார் டீச்சர். டிரைவர் தோளுக்கு மேலே பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார். தபால்காரனும் ஓடியது. அக்கா மேலும் கீழும் குலுங்கினாள், ஹெல்மெட் கண்ணை மறைத்தது, வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா வலியா என்று பக்கத்தில் ஓடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. பதினொரு தப்படி போனபின் நின்றார்கள். பேக்கரிக்காரருக்கு மூச்சு வாங்கியது.

டிரைவர்தான் வேன் பக்கம் கையைக் காட்டினார். "தங்கச்சியை எழுப்பிக் கூட்டிட்டு வரட்டுமா? இன்னொரு தடவை ஓடிக் காட்டலாம்."

"வேண்டாம்," என்றாள் அக்கா.

தங்கைக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கல்லூரி திறந்து பழைய பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து நடக்க வேண்டாம் என்று சொல்வதற்காக டீச்சர் அவளிடம் வந்தார். சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, போன வாரம் ஓட்டம் விட்டதைப் பற்றி அக்கா சொன்னாரா என்று கேட்டார்.

தங்கை குட்டியின் குதிரைக்குப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு வினாடி நின்றது.

"சொன்னா," என்றாள்.

அன்று வேனில் அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு மருந்துக்கடைப் பலகையில் இரண்டு பிழை, ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மூன்று. கம்பெனியிலிருந்து புது விஞ்ஞானப் புத்தகம் வந்திருக்கிறது, அதில் ஒரு பாடம் முழுக்க இதயத்தை வலது பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாள். தங்கை ஓட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தங்கை கேட்கவில்லை. மருந்துக்கடையில் என்ன பிழை என்று கேட்டாள்.